எழுபத்தாறு சதுர அடி

இனி ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்று காலை பல் துலக்கும்போதே தீர்மானம் போட்டேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவன் கண்ணாடிக்குள் இருந்தவன். எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டியவள் அப்போது ஹாலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நான் யார் என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம். அதில் இருபத்தொன்பது வருஷம் சங்கத் தலைவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மிச்சத்தைத் துண்டறிக்கைகள் கற்றுக்கொடுத்தன. முதலில் படித்தேன். பிறகு எழுதினேன். உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் கையுறை வேண்டும் என்று நான் எழுதிய ஆறு பக்க அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நானூறு பேர் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தார்கள். கையுறை வந்தது. இன்று அந்தக் கையுறையை மாட்டுகிறவனுக்கு நான் யார் என்று தெரியாது. போகட்டும். என் அறிக்கைகளைப் படித்தவர்களைவிட அவற்றில் பொட்டலம் கட்டியவர்கள் அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். அதுவும் போகட்டும்.

போகாதவை முப்பத்தெட்டுக் கட்டுகள். நான் எழுதிய அறிக்கைகள் எல்லாம் எங்கள் ஹால் முழுக்கக் கட்டுக் கட்டாகத் தரையில் இருந்தன. ஒவ்வொரு கட்டும் இரண்டடி நீளம், ஓரடி அகலம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க நான் சம்மதிப்பதில்லை. அடியில் போகிற கட்டு நசுங்கும். நசுக்கப்பட்டவர்களுக்காக எழுதியதை நானே நசுக்குவதா?

என் மனைவி ஒரு மருத்துவமனையின் துணிக்கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாகப் போர்வை மடிக்கிறாள். கிடங்குப் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலியில் அவள் உட்காரலாம். ஆனால் பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் தனியாக எழுதினாள். மற்றதெல்லாம் தேறிவிட்டது. கணக்கில் மட்டும் முப்பத்தொன்று. நாலு மார்க்கில் நாற்காலி நழுவியது. அடுத்த பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இதையும் விட்டால் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

போன தடவை தோற்றதற்குக் காரணம் நான் என்பது அவள் வாதம். துணி தேய்க்கிற பலகையில் வரைபடத்தாளை விரித்தால் பென்சில் மெத்தைக்குள் இறங்குகிறதாம்.

"என்னங்க, ஜன்னல்கிட்ட எனக்கு ஒரு மேஜை போடணும்."

"ஜன்னல்கிட்ட கையுறைப் போராட்டம் இருக்கு."

"அதைக் கொஞ்சம் நகத்துங்க."

"நகத்தினா கதவடைப்பு மேல இடிக்கும்."

"அதையும் நகத்துங்க."

"அதுக்குப் பின்னாடி துரோகம் இருக்கு."

"அது எத்தனை கட்டு?"

"ஒன்பது."

"கையுறை?"

"ரெண்டு."

"கிடைச்சது ரெண்டு கட்டு, துரோகம் ஒன்பது கட்டா? நல்ல சங்கம்ங்க உங்க சங்கம்."

இப்படித்தான் நிர்வாகம் எப்போதும் பேச்சைத் திசைதிருப்பும். நான் அசையவில்லை. "ஓர் அங்குலம்கூடக் கிடையாது. இது காலையிலேயே முடிவான விஷயம்" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். பால்கனிக்குப் போய்த் துணி காயப்போடுகிற நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே கீழ்வீட்டு எலக்ட்ரீசியன் அளக்கிற டேப்போடு வந்தான். அவளை அக்கா என்றும் என்னைத் தலைவரே என்றும் கூப்பிடுகிற பையன். முப்பது வயதாகிறது. வீட்டில் சண்டை என்றால் கூப்பிடாமலே வந்துவிடுவான்.

"தம்பி அளந்தாச்சு. இந்தக் கயிறு சரியா இருபத்துநாலு அடி" என்றாள். "இதோ, இது இருபதடிச் சுவர். சுவரை ஒரு பக்கமா வெச்சுக்கிட்டு மத்த மூணு பக்கத்துக்கும் கயிறு போட்டு ஒரு செவ்வகம் கட்டுங்க. நீளமா, அகலமா, எப்படி வேணாலும். உங்க இஷ்டம். உள்ளே இருக்கறது பூரா உங்க ராஜ்யம். நான் வாயே திறக்க மாட்டேன். வெளிய இருக்கற இடம் எனக்கு."

"வெளிய இருக்கற கட்டு?"

"பழைய பேப்பர்காரருக்கு."

"எப்படி வேணாலும் கட்டலாமா? அளவு யார் சொல்றது?"

"நீங்கதான்."

முப்பத்தாறு வருஷத்தில் எந்த நிர்வாகமும் எனக்கு இப்படி ஒரு வாய்ப்பைக் கொடுத்ததில்லை. பாவம், பேரம் பேசத் தெரியாதவள் என்று மனம் இளகியது. அவள் மனம் மாறுவதற்குள் மூன்று பிரதி ஒப்பந்தம் எழுதினேன். "கயிறும் சுவரும் சேர்ந்து அடைக்கும் செவ்வகம்" என்று வாசகம். ஒரு பிரதி எனக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று சாட்சிக்கு.

பிறகு யோசித்தேன். கயிறு அதே கயிறு. நீளமாகக் கட்டினாலும் அகலமாகக் கட்டினாலும் இருபத்துநாலு அடி இருபத்துநாலு அடிதான். ஆகவே இடமும் ஒன்றாகத்தான் இருக்கும். இடம் ஒன்றுதான் என்றால் எடுப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதுதானே தலைவனுக்கு அழகு? ஊர்வலத்துக்கு நீளம்தான் பலம். சுவரிலிருந்து இரண்டடி வெளியே வந்தேன், இருபதடி நடந்தேன், இரண்டடி திரும்பினேன். முழுச் சுவரும் என்னுடையது!

"பாத்துக்கோ. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும்" என்றேன்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு."

"தம்பி, நீங்களும் கேட்டீங்கல்ல?"

எலக்ட்ரீசியன் டேப்பைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். மூன்று பிரதியிலும் கையெழுத்தானது. அவள் கையெழுத்துப் போட்ட வேகத்தை நான் பெண்களுக்கே உரிய அவசரம் என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். பத்து வைத்தேன். பதினைந்து வைத்தேன். இருபதாவது கட்டோடு கயிறு முடிந்தது. திரும்பிப் பார்த்தால் வெளியே பதினெட்டுக் கட்டுகள் வேலை நிறுத்தம் செய்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தன.

"இது எப்படி?" என்றேன்.

"ரெண்டு இருபது நாப்பது. நாப்பது சதுர அடி. ஒரு கட்டுக்கு ரெண்டு சதுர அடி. இருபது கட்டு. நாளைக்குப் பேப்பர்காரரை வரச் சொல்றேன்."

"எப்படிக் கட்டினாலும் அதேதானே வந்திருக்கும்? கயிறு மாறலையே!"

அவள் கணக்கு நோட்டைத் திறந்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் கூட்டங்களைப் பார்த்தவன். உலைக் கண்ணாடி பொன்னாக ஒழுகுவதைப் பார்த்தவன். அந்த நோட்டில் பார்த்ததைப் போல வேறெதுவும் என்னை வாயடைக்க வைத்ததில்லை.

"சுவர்லேர்ந்து எத்தனை அடி வெளிய வர்றீங்களோ அதை எக்ஸ்னு வெச்சுக்கோங்க. போறதுக்கு ஒரு எக்ஸ், வர்றதுக்கு ஒரு எக்ஸ். இருபத்துநாலுல ரெண்டு எக்ஸ் போக மிச்சம்தான் நீளம். நீளத்தையும் எக்ஸையும் பெருக்கினா இடம். இதுக்குப் பேரு இருபடிச் சார்பு."

கீழே வரிசையாக எண்கள். ஓரடி வந்தால் இருபத்திரண்டு. இரண்டடிக்கு நாற்பது. மூன்றுக்கு ஐம்பத்துநாலு. நாலுக்கு அறுபத்துநாலு. ஐந்துக்கு எழுபது. ஆறுக்கு எழுபத்திரண்டு. ஏழாவது அடியில் மறுபடியும் எழுபது! எட்டில் அறுபத்துநாலு. ஒன்பதில் ஐம்பத்துநாலு. போன ஊர்வலம் அதே தெருக்கள் வழியாக, அதே வீடுகளைக் கடந்து, ஒரு வீடு தவறாமல் திரும்பி வருகிறது.

எண்களுக்குப் பக்கத்தில் படம். புள்ளி புள்ளியாக வைத்து வெறுங்கையால் இணைத்திருந்தாள். குன்று மாதிரி ஏறி, உச்சியில் ஒரு கணம் மூச்சு வாங்கி, ஏறியது போலவே இறங்கியது.

"இதை ஏன் வளைச்சே? ஸ்கேல் வெச்சு இணைக்க வேண்டியதுதானே?"

"ஸ்கேல் வெச்சா மார்க் போயிடும். இது பரவளையம். இதுல நேர்க்கோடு ஒரு துண்டுகூடக் கிடையாது."

"என் அறிக்கையில எல்லாம் உற்பத்திக் கோடு நேரா மேல போகும்."

"அதான் கம்பெனிக்காரன் படிச்சுட்டுச் சிரிச்சான்."

விரலை வைத்து எண்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஏற்றம் பதினெட்டு. அடுத்தது பதினாலு. பிறகு பத்து, ஆறு, இரண்டு. ஒவ்வொரு படியிலும் நாலு குறைகிறது. இரண்டிலிருந்து நாலு குறைந்தால்? இறக்கம் இரண்டு. பிறகு ஆறு, பத்து, பதினாலு. ஆறாவது அடியில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கே எதுவுமே நடக்கவில்லை. முதல் அடியில், எல்லோரும் கோஷம் போட்டுக்கொண்டு கிளம்பியபோதே, நாலு நாலாகக் குறையத் தொடங்கிவிட்டது. ஏற்றத்துக்குள்ளேயே இறக்கம் உட்கார்ந்திருந்தது.

போராட்டங்கள் சரிந்ததற்கெல்லாம் துரோகம்தான் காரணம் என்று ஒன்பது கட்டு எழுதியவன் நான். அந்தக் கோட்டைப் பார்த்தபோது அதில் இரண்டு மூன்றைத் திருப்பி எழுத வேண்டுமோ என்று தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை.

"சரி. ஒப்பந்தத்தைத் திருத்தணும். எனக்கு ஆறு அடி வேணும்" என்றேன்.

"கையெழுத்தாச்சேங்க."

"இல்லேன்னா உண்ணாவிரதம்."

"எத்தனை நாள்னு சொன்னா, அத்தனை நாளும் சமைக்காம படிப்பேன்."

எலக்ட்ரீசியன் குறுக்கிட்டான். "அக்கா, தலைவர் பாவம். ஒரு சான்ஸ் குடுங்க."

"தம்பி சொல்றதுக்காக. ஒரே ஒரு திருத்தம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அளவைச் சொல்லணும். அதுக்கப்புறம் பரீட்சை முடியற வரைக்கும் பேச்சே கிடையாது."

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் கணக்கு உறைத்தது. எழுபத்திரண்டு சதுர அடிக்கு முப்பத்தாறு கட்டு. இன்னும் இரண்டு வெளியே நிற்கும்.

"எனக்கு எழுபத்தாறு வேணும்."

"வீச்சகத்துல இல்லைங்க."

"எதுல?"

"மதிப்பகம்னு ஒண்ணு இருக்கு. நீங்க எதையெல்லாம் கேக்கலாம்ங்கறது. வீச்சகம்னு ஒண்ணு இருக்கு. என்னவெல்லாம் கிடைக்கும்ங்கறது. கயித்தைச் சுவரோட ஒட்டினாப்பல போட்டா எக்ஸ் சைபர். உள்ளே ஒண்ணும் இல்லை. பன்னெண்டு அடி வெளிய இழுத்தா கயிறு ரெண்டா மடிஞ்சு நிக்கும். அப்பவும் உள்ளே ஒண்ணும் இல்லை. இது ரெண்டுக்கும் நடுவுல எதை வேணாலும் கேக்கலாம். அதுலயும் நம்ம சுவர் இருபதடிதான். எக்ஸ் ஒண்ணுன்னு சொன்னா இருபத்திரண்டு அடிச் சுவர் வேணும். பக்கத்து வீட்டை இடிக்கணும். அதனால நம்ம வீட்டுல மதிப்பகம் ரெண்டுலேர்ந்து ஆரம்பம்."

"கிடைக்கறது?"

"நீங்க எப்படிக் கேட்டாலும், எந்த மைக்ல கேட்டாலும், எழுபத்திரண்டுக்கு மேல ஒரு பொட்டு கிடையாது. ரெண்டு கட்டுதானே? துரோகத்துல ரெண்டைக் குறைங்க."

"துரோகத்தைக் குறைச்சு மதிப்பிட முடியாது."

"அப்ப கையுறையைக் குடுங்க. அது சரியா ரெண்டு."

அடிவயிற்றில் குத்திவிட்டாள். முப்பத்தெட்டுக் கட்டில் நான் ஜெயித்தது அந்த இரண்டு மட்டும்தான்.

கேட்கலாம் என்பதற்கு ஒரு சொல், கிடைக்கும் என்பதற்கு ஒரு சொல்! இருபத்தொன்பது வருஷம் கோரிக்கைப் பட்டியல் எழுதியவனுக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே. மாநாட்டில் சொல்லவில்லை. தலைமைக் கழகத்திலிருந்து வந்தவர்கள் சொல்லவில்லை. போர்வை மடிக்கிறவள் சொல்கிறாள். போர்வைகளை மடித்துக்கொண்டே இத்தனை நாள் இவள் மனத்துக்குள் எதை விரித்துக்கொண்டிருந்தாள்?

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எழுபத்திரண்டு என்பது சட்டம் என்றால் சட்டத்தை மீறுவது எனக்குப் புதிதல்ல. ஆறரை அடி வைத்துப் பார்த்தேன். எழுபத்தொன்றரை. ஐந்தரை வைத்தேன். அதே எழுபத்தொன்றரை. இந்தப் பக்கம் அரை அடி தவறினாலும் அந்தப் பக்கம் அரை அடி தவறினாலும் ஒரே அபராதம். ஆள் பார்க்கவில்லை. கட்சி பார்க்கவில்லை. இப்படி ஒரு நடுவர் மன்றம் எனக்கு ஒரே ஒரு தடவை கிடைத்திருந்தால் கூட, துரோகம் ஐந்து கட்டோடு முடிந்திருக்கும்.

கயிற்றை இழுத்துப் பார்த்தேன். நைலான். நனைத்தும் பார்த்தேன். நனைந்தது நான்தான். கடைசியில் களைத்துப்போய், கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு, அறையின் மூலையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இடது தோளில் ஒரு சுவர் பட்டது. வலது தோளில் இன்னொரு சுவர் பட்டது.

மடியிலிருந்த கயிற்றை உதறிவிட்டு எழுந்தேன்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். "கயிறும் சுவரும் சேர்ந்து." எத்தனை சுவர் என்று எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை! எழுதியவன் நான். எழுதும்போது எனக்கே தெரியாத மேதைமை என் பேனாவுக்குத் தெரிந்திருக்கிறது. மூலையில் கட்டினால் இரண்டு பக்கத்தைச் சுவர்களே பார்த்துக்கொள்ளும். கயிறு இரண்டு பக்கத்துக்கு மட்டும். ஒரு பக்கம் எக்ஸ். மறு பக்கம் இருபத்துநாலில் எக்ஸ் போக மிச்சம்.

ஒரு தாளில் கட்டம் போட்டேன். நீளச் சுவரில் பத்தடி என்றால் நூற்று நாற்பது. பன்னிரண்டு என்றால் நூற்று நாற்பத்துநாலு. பதினாலு என்றால் மறுபடியும் நூற்று நாற்பது. அதே குன்று! புள்ளிகளை வைத்துவிட்டு ஸ்கேலைத் தேடினேன். பிறகு வெட்கப்பட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெறுங்கையால் இழுத்தேன். கோடு வளைந்தது. அறுபத்து மூன்று வயதில் என் கையிலிருந்து ஒரு வளைவு வந்தது. எதற்கும் வளையாதவன் என்று பெயரெடுத்தவன் நான். அந்தக் கோடு அழகாக இருந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள், கண் கலங்கிவிட்டது.

அவள் சொல்லிக்கொடுத்தது போலவே எல்லையும் எழுதினேன். நீளச் சுவர் இருபதடி. அதற்கு மேல் கேட்க முடியாது. குறுக்குச் சுவர் பதினாலு அடி. ஆகவே பத்துக்குக் கீழேயும் கேட்க முடியாது. மதிப்பகம் பத்து முதல் இருபது வரை. மிகக் குறைவாகக் கிடைப்பது இருபதில், எண்பது. உச்சம் நூற்று நாற்பத்துநாலு. வீச்சகம் எண்பது முதல் நூற்று நாற்பத்துநாலு வரை. எழுபத்தாறுக்கு நான் பிச்சை கேட்டதை நினைத்துச் சிரித்தேன். இந்த மூலையில் எவ்வளவு மோசமாகக் கட்டினாலும் எண்பது கிடைக்கும்!

அடுத்த கேள்வி, எந்த மூலை? அறைக்கு நாலு மூலை. இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போராட்டம் என்றால் முதலில் வாசலைப் பிடிக்க வேண்டும். வாசலைப் பிடித்தவன் தொழிற்சாலையைப் பிடித்தவன். ஜன்னல் பக்கத்தை அவளுக்கே விட்டுவிடலாம். வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? வாசல் கதவு இருக்கும் மூலையைக் கட்டினேன். இனி இந்த வீட்டுக்குள் யார் வந்தாலும் என் எல்லையை மிதித்துத்தான் வர வேண்டும்.

சாயங்காலம் அவள் வந்தாள். எலக்ட்ரீசியனையும் கூப்பிட்டேன். படத்தைக் காட்டி உரையாற்றினேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, நூற்று நாற்பத்துநாலு சதுர அடி. மொத்த ஹாலில் அவளுக்கு நூற்று முப்பத்தாறு. பெரும்பான்மை எனக்கு.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, சுவர் ஒண்ணுன்னு எழுதாம விட்டுட்டோமே."

"எழுதாம விட்டது யாரு?"

"நான்தாங்க ஏமாந்துட்டேன். தம்பி, பாத்தீங்களா உங்க தலைவரை?"

"தலைவர் தலைவர்தான் அக்கா" என்றான் எலக்ட்ரீசியன்.

அவள் என் வரைபடத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "கோடு நல்லா வந்திருக்குங்க. சமச்சீரா இருக்கு. ஸ்கேல் வெக்கலையா?" என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை. எந்தப் பொதுக்கூட்டத்திலும் எனக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

திருத்தம் கையெழுத்தானது. ஜன்னல் பக்கத்துக் கட்டுகளை எல்லாம் நானே முதுகில் சுமந்து வாசல் பக்கம் கொண்டுவந்து சேர்த்தேன். முப்பத்தெட்டும் உள்ளே. நடமாடவும் இடம். அவள் ஜன்னல் பக்கம் மேஜையைப் போட்டு, வரைபடத்தாளை விரித்து, உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள்.

எட்டு மணி ஆனது.

"என்ன, சாப்பாடு இல்லையா?"

"அடுப்பு உங்க எல்லைக்குள்ள இருக்குங்க."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சமையலறை என்று தனியாக இல்லை. ஹாலின் வாசல் பக்கச் சுவரை ஒட்டித்தான் எல்லாமே. அடுப்பு மேடை, கயிற்றுக்குள். பாத்திரம் கழுவுகிற தொட்டி, கயிற்றுக்குள். தண்ணீர் டிரம், துவைக்கிற மெஷின், விளக்குமாறு, எல்லாம் கயிற்றுக்குள்.

"நீ உள்ளே வந்து சமைக்கலாமே. நான் தடுக்கவா போறேன்?"

"அது எப்படிங்க? உங்க ராஜ்யத்துல அத்துமீறி நுழையறதா? ஒப்பந்தத்துல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப திருத்து!"

"ஒரே திருத்தம்தான் பேச்சு. முடிஞ்சுபோச்சு. தம்பி சாட்சி."

பத்து நாள். வாசகர்களே, பத்து நாள். சமைத்தேன். தொட்டியில் நின்று பாத்திரம் தேய்த்தேன். துணி துவைத்தேன். மணி அடித்தால் கதவைத் திறந்தேன், ஏனென்றால் கதவும் என்னுடையது. வேலைக்குப் போக வர மட்டும் என்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் கயிற்றைத் தாண்டுவாள். பால்காரர், காஸ்காரர், பேப்பர்காரர் எல்லோரும் வாசலைப் பிடித்த என்னிடம்தான் பேசினார்கள். "கணக்குல பெருக்கினது போதும், தரையிலயும் பெருக்குங்க" என்று ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வரும். தட்டைக் கயிற்றுக்கு மேலே நீட்டுவேன். கயிறு தாண்டாமல் வாங்கிக்கொள்வாள். தட்டு காலியாகி அதே வழியில் திரும்பும். உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லையாம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்ப்பேன். காலை வெளிச்சம் தாளின்மேல் விழும். பென்சில் முனையை வைப்பாள், யோசிப்பாள், ஒரே இழுப்பில் ஏறி இறங்குவாள். சில நாள் குன்று. சில நாள் அதைக் கவிழ்த்த கிண்ணம். ஒவ்வொன்றுக்கும் கீழே எதைக் கேட்கலாம், எது கிடைக்கும் என்று இரண்டு வரி. தலை நரைத்தவள் உலகத்துக்கு எல்லை எழுதிக்கொண்டிருப்பதை நனைந்த கையோடு நின்று பார்ப்பேன். குழாயை மூட மறந்துவிடுவேன்.

பரீட்சை முடிந்தது. முடிவு வந்தது. கணக்கில் எண்பத்தேழு. துணிக்கிடங்கின் சாவி இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தவள், "ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். நான் எழுந்து நின்றேன். எந்த முதலாளி வந்தபோதும் நான் எழுந்ததில்லை.

இந்த வெற்றியில் என் பங்கும் உலகுக்குத் தெரிய வேண்டாமா? மூலையைக் கண்டுபிடித்தவன் நான். எட்டாவதைத் தாண்டாத மூளையில் தானாக உதித்த கணிதம்! முப்பத்தொன்பதாவது கட்டுக்கான அறிக்கையை எழுத நேற்று மத்தியானம் உட்கார்ந்தேன். தாள் தீர்ந்திருந்தது. அவளுடைய பழைய கணக்கு நோட்டில் வெற்றுப் பக்கம் இருக்குமே என்று எடுத்துப் புரட்டினேன்.

நடுவில் ஒரு பக்கம். அவள் கயிற்றை அவிழ்த்து வந்தாளே, அதற்கு நாலு நாள் முந்தைய தேதி. இரண்டு சுவர், ஒரு கயிறு, அழகான குன்று. மதிப்பகம் பத்து முதல் இருபது வரை. வீச்சகம் எண்பது முதல் நூற்று நாற்பத்துநாலு வரை. அதற்குக் கீழே, அவளுடைய உருண்டையான கையெழுத்தில் ஒரு வரி:

"வாசல் மூலையைத்தான் எடுப்பார், அவரே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்."